விசா இல்லாமல் போனால் எத்தனை நாள் தங்கலாம்? கேளுங்கள், சொல்கிறேன்

மதுரை காளவாசலில் டிராவல்ஸ் வைத்திருக்கிறேன். ஊர்ப்பக்கம் எல்லோரும் போனில் கேட்பதையே இங்கேயும் கேட்டிருக்கிறீர்கள்.

அண்ணே, தாய்லாந்துக்கு 30 நாளா, 60 நாளா?

ரெண்டும் ஒவ்வொரு காலத்தில் சரிதான் தம்பி. 2023 நவம்பரில் 30 நாள் கொடுத்தார்கள், 2024 ஜூலை 15 முதல் 60 ஆக்கினார்கள். இது சலுகை, கூடும் குறையும், அதனால் டிக்கெட் போடுகிற வாரத்தில் தூதரகத் தளத்தைப் பாருங்கள். அங்கே இறங்கியதும் பாஸ்போர்ட்டில் குத்துகிற முத்திரையில் எந்தத் தேதி வரை என்று இருக்கும், கவுண்டரை விட்டு நகருமுன் அதைப் படித்துவிடுங்கள். ராத்திரி பதினொன்றரைக்கு இறங்கினாலும் அது முதல் நாள்தான்.

கொஞ்ச நாள் கூடிவிட்டால் அபராதம் கட்டிவிட்டு வரலாம்தானே?

நாளுக்கு 500 பாட், அதிகபட்சம் 20,000. இதைத்தான் எல்லோரும் சொல்வார்கள். 90 நாளைத் தாண்டிவிட்டு நீங்களாகவே ஏர்போர்ட்டில் போய் நின்றாலும் ஒரு வருடம் தடை. இடையில் போலீஸ் பிடித்தால் கூடியது சில நாள்தான் என்றாலும் 5 வருடம் அந்தப் பக்கமே போக முடியாது.

மலேசியாவுக்கு டூரிஸ்ட்டாகப் போ, அப்புறம் பெர்மிட் போட்டுத் தருகிறேன் என்று ஏஜென்ட் சொல்கிறார். மகனை அனுப்பலாமா? (சிவகங்கை)

அனுப்பாதீர்கள் அக்கா. 2023 டிசம்பரிலிருந்து நமக்கு விசா இல்லாமல் 30 நாள் விடுகிறார்கள், ஆனால் அது சுற்றிப் பார்க்கத்தான், ஹோட்டலில் ஒரு நாள் தட்டு கழுவினாலும் சட்டப்படி தப்பு. முப்பதாவது நாள் முடிந்ததும் பையன் ஒளிந்து வாழ்கிற ஆள் ஆகிவிடுவான், பாஸ்போர்ட்டை முதலாளி வாங்கி வைத்துக்கொள்வான், சம்பளம் தராவிட்டாலும் போலீசுக்குப் போக முடியாது. பிடிபட்டால் 10,000 ரிங்கிட்டுக்குக் குறையாத அபராதம், அல்லது 5 வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். 2024-இல் 500 ரிங்கிட் கட்டி ஊருக்குப் போகலாம் என்று ஒரு திட்டம் விட்டார்கள், அதைக் காட்டித்தான் இப்போதும் ஏஜென்ட் தைரியம் சொல்வான். வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட்களைப் பதிவு செய்கிற மத்திய அரசின் ஈ-மைக்ரேட் தளத்தில் அவர் பதிவு எண் இருக்கிறதா என்று பாருங்கள், பதிவு எண்ணைக் கேட்டாலே பாதிப் பேர் போனை வைத்துவிடுகிறார்கள்.

மலேசியாவுக்கு டிக்கெட் எல்லாம் இருந்தும் மாப்பிள்ளையைத் திருச்சி ஏர்போர்ட்டில் நிறுத்திவிட்டார்கள், ஏன்?

பத்தாவது முடிக்காதவரா? அப்படியென்றால் பாஸ்போர்ட் ஈசிஆர் வகையாக இருக்கும், அதாவது சில நாடுகளுக்கு வேலைக்குப் போக நம் அரசின் அனுமதி வேண்டும், மலேசியாவும் அந்தப் பட்டியலில் உள்ள நாடு, அதனால் வேலைக்குப் போகிறாரோ என்று சந்தேகப்படுவார்கள். ரிட்டர்ன் டிக்கெட், தங்குமிட புக்கிங், செலவுக்குப் பணம், எல்லாம் கையில் இருக்கட்டும்.

சிங்கப்பூருக்கு விசா வேண்டாமாமே?

வேண்டும். அங்கே 90 நாளுக்கு மேல் கூடுதலாகத் தங்கினால் ஆண்களுக்குப் பிரம்படியும் உண்டு, விளையாட்டில்லை.

காய்ச்சலில் படுத்துவிட்டால்?

தேதி முடியுமுன்பே டாக்டர் சீட்டோடு அங்குள்ள இமிக்ரேஷன் ஆபீசுக்குப் போங்கள். தாய்லாந்தில் காய்ச்சல் இல்லாவிட்டாலும் 1,900 பாட் கட்டி 30 நாள் நீட்டிக்கக் கேட்கலாம்.