பதில்: கழற்றிய பல் இம்ப்ளான்ட் (தாடை எலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகு), எஸ்இஎம்மில் (ஸ்கேனிங் எலக்ட்ரான் நுண்ணோக்கியில்) எலும்பே தெரியவில்லை

கழற்றிய மூன்று இம்ப்ளான்ட்களையும் ஹைப்போவில் (சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசலில்) ஊறவைத்து, ஆட்டோகிளேவும் (அழுத்த நீராவியில் கிருமிநீக்கம்) செய்துவிட்டு எலும்புத் திசுவைத் தேடினால் எப்படிங்க கிடைக்கும்? ஹைப்போ திசுவைக் கரைத்துவிடும். சூடு மிச்சப் புரதத்தை உறையவைக்கும். அந்த மூன்றையும் மரைத் தேய்மானம், விரிசல் பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதில் தெரியும் குழிகளை வாயில் நேர்ந்த அரிப்பு என்று எழுதிவிடாதீர்கள், ஹைப்போவின் வேலையாகவும் இருக்கலாம்.

அடுத்துக் கழற்றி வரும் இம்ப்ளான்டை உடனே உப்புநீரில் அலசி, திசு கெடாமல் காக்கும் 10% நடுநிலை பஃபர் ஃபார்மலினில் 48 மணி நேரம் வையுங்கள்; திரவம் மாதிரியைப்போல் 10 மடங்காவது வேண்டும். பிறகு 70% எத்தனால். உள்ளே டைட்டானியம் இருப்பதால், எலும்பின் சுண்ணாம்பை நீக்கி மைக்ரோடோமில் (திசுவை மெல்லிசாகச் சீவும் கருவி) சீவும் வழக்கமான வழி நடக்காது. எத்தனாலின் அடர்த்தியைக் கூட்டிக்கொண்டே போய் நீர் நீக்கி, ரெசினில் பதித்து, வைர ரம்பத்தால் சுமார் 200 மைக்ரான் தடிமனில் அறுத்து, 30–50 மைக்ரானுக்குத் தேய்த்து, டொலூயிடின் நீலச் சாயம் ஏற்றுங்கள். டோனாத்தும் ப்ராய்னரும் 1982-இல் வெளியிட்ட முறையின் வழி இது.

எதிர்த்திசையில் முறுக்கிக் கழற்றியதில் எலும்பும் உலோகமும் சேரும் எல்லை பிய்ந்திருக்கும். எலும்பு உலோகத்தைத் தொட்டிருக்கும் சதவீதத்தைக் கணக்கிட, ட்ரெஃபைனால் (உள்ளீடற்ற குழாய் வடிவத் துளைப்பான்) சுற்று எலும்போடு எடுத்ததே உதவும். அதற்காக நோயாளியின் எலும்பைக் கூடுதலாக வெட்டச் சொல்லாதீர்கள்.

உடைந்த இம்ப்ளான்ட் துண்டுகளை ஒருபோதும் பொருத்திப் பார்க்காதீர்கள். முகங்கள் உரசினால் உலோகச் சோர்வின் (திரும்பத் திரும்பப் பளு விழுந்து விரிசல் வளர்வதன்) வரிகள் அழிந்துபோகும். லாட் எண் (தயாரிப்புத் தொகுதி எண்), பல் இடம், இம்ப்ளான்ட் மேல் கடிக்கும் பளு ஏற்றிய தேதி, திருகை முறுக்கிய நியூட்டன்-சென்டிமீட்டர் அளவு நான்கையும் குப்பியிலேயே ஒட்டிவிடுங்கள்.