பழைய பொம்மை ரயிலின் பாயின்ட் ஏன் படபடக்கிறது? வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் மாமனார் 1950களில் அமெரிக்காவில் படித்துத் திரும்பியபோது வாங்கிவந்த லயோனல் நிறுவனத்தின் ‘ஓ கேஜ்’ அளவுப் பொம்மை ரயிலை, பேரப்பிள்ளைகளுக்காகப் பரணிலிருந்து இறக்கினேன். எஞ்சின் அழகாக ஓடுகிறது. வண்டியை ஒரு பாதையிலிருந்து மற்றொரு பாதைக்குத் திருப்பிவிடும் 022 வகைப் பாயின்ட்டுகள் இரண்டும்தான் தொல்லை தருகின்றன. மின்சாரம் கொடுத்ததும் ஒன்று நிற்காமல் இரு பக்கமும் படபடவென்று அடித்துக்கொள்கிறது. மற்றொன்று, கண்ட்ரோலரை அழுத்தினால் நேர்ப்பாதைக்கு வருகிறது. கையை எடுத்ததும் வளைவுக்கே திரும்பிவிடுகிறது. லாமிங்டன் சாலைக் கடையில் கொடுத்து, பாயின்ட்டுக்குள் உள்ள ஒரு காயிலை (கம்பிச்சுருளை) புதிதாகச் சுற்றி வாங்கியும் பயனில்லை.
– ஒரு வாசகர், மாட்டுங்கா, மும்பை

பதில்: காயிலைச் சுற்றக் கொடுப்பதற்கு முன்பே உங்கள் கடிதம் வந்திருக்கக் கூடாதா என்று மனம் அடித்துக்கொள்கிறது. நீங்கள் சொல்லும் இரண்டு கோளாறுகளுக்கும் காரணம் பெரும்பாலும் பாயின்ட்டைத் திருப்பும் மோட்டாருக்குள் இருக்காது; தண்டவாளத்தின் நுனியில் இருக்கும்.

1938இல் வெளிவந்த இந்தப் பாயின்ட்டின் சிறப்பே, எதிர்த்திசையில் வரும் வண்டி தடம் புரளாதபடி அது தானாகவே திரும்பிக்கொள்வதுதான். மூன்று தண்டவாளங்களில் நடுவில் இருப்பது மின்சாரத்தைக் கொண்டுவருகிறது. வெளியில் உள்ள இரண்டும் அது திரும்பிச் செல்லும் வழி. பாயின்ட்டிலிருந்து பிரிந்து செல்லும் இரு கிளைகளிலும், ஒன்றையொன்று பார்த்தபடி இருக்கும் உட்புறத் தண்டவாளங்களில் ஒரு சிறு துண்டு மட்டும் மற்றவற்றோடு மின்தொடர்பு இல்லாமல் தனியாக வைக்கப்பட்டு, அந்தந்தப் பக்கத்துக் காயிலோடு இணைக்கப்பட்டிருக்கும். வண்டியின் இரும்புச் சக்கரம் அதன்மேல் ஏறியதும் சுற்று முழுமையடைகிறது, காயில் இழுக்கிறது, வண்டி எந்தக் கிளையிலிருந்து வருகிறதோ அந்தக் கிளைக்குப் பாயின்ட் திரும்புகிறது. திரும்பி முடித்ததும் உள்ளே இருக்கும் கான்டாக்ட் அந்தக் காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

அந்தத் துண்டு தனியாக இருக்க வேண்டுமென்றால், அடுத்த தண்டவாளத்தோடு அது சேரும் இடத்தில், இரண்டையும் இணைக்கும் ஊசி போன்ற இரும்புப் பின் இருக்கக் கூடாது. மின்சாரம் கடத்தாத ஃபைபர் பின்தான் இருக்க வேண்டும். எழுபது ஆண்டுகளில் யாரோ ஒருவர், ஃபைபர் பின் ஒடிந்தபோது, கைக்குக் கிடைத்த இரும்புப் பின்னைச் செருகியிருப்பார். அப்போது வண்டி வராமலேயே வண்டி வந்துவிட்டதாகக் காயில் நினைத்துக்கொள்ளும். வளைவுக் கிளையில் மட்டும் இப்படி நேர்ந்தால், நீங்கள் கையை எடுத்ததும் பாயின்ட் வளைவுக்கே திரும்பும். உங்கள் இரண்டாவது பாயின்ட்டின் கதை இதுவே. இரு கிளைகளிலும் நேர்ந்தால், இரண்டு காயில்களும் மாறி மாறி இழுத்துப் படபடக்கும். அது முதல் பாயின்ட்.

உறுதி செய்துகொள்வது எளிது. பாயின்ட்டைத் தண்டவாளத் தொகுதியிலிருந்து முழுவதுமாகக் கழற்றி மேசையில் வையுங்கள். கண்ட்ரோலர் கம்பிகளையும் எடுத்துவிட்டு, நடுத் தண்டவாளத்துக்கும் வெளித் தண்டவாளத்துக்கும் மட்டும் மின்சாரம் கொடுங்கள். படபடப்பு நின்றுவிட்டால் மோட்டார்மீது குற்றமில்லை. பிறகு சிறு கம்பித் துண்டால், தனியாக உள்ள தண்டவாளத்தையும் வெளித் தண்டவாளத்தையும் ஒரு கணம் தொட்டு எடுங்கள். 'டக்' என்ற ஒலியோடு பாயின்ட் திரும்ப வேண்டும். அந்த ஒலியைக் கேட்டுவிட்டால் பாதிக் கவலை தீர்ந்தது.

ஃபைபர் பின் கிடைக்காவிட்டால், குழாய்த் தண்டவாளத்தின் துளைக்குள் இறுக்கமாகப் போகும் பிளாஸ்டிக் பின்னல் ஊசியை இரண்டு சென்டிமீட்டர் அளவில் நறுக்கிச் செருகலாம். நடுவில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் வளையம் இருக்கட்டும். இல்லையேல் இரு தண்டவாளங்களின் விளிம்புகளும் ஒன்றையொன்று தொட்டு, பிளாஸ்டிக் பின்னைச் செருகியும் பயனில்லாமல் போகும். மூங்கில் குச்சியையும் சீவிப் பயன்படுத்தலாம் என்றாலும், நம் மும்பை மழைக்காலத்தில் அது ஈரத்தை உறிஞ்சிவிடும் என்பதால் அதை நான் பரிந்துரைப்பதில்லை.

மேசையில் தனியாக வைத்தபோதும், கம்பியால் தொட்டிருக்கும் அந்தக் கணத்தில் ‘டக்’ ஒலிக்குப் பதிலாக ஒரே சீரான உறுமல் கேட்டால், பழைய கிரீஸ் மெழுகுபோல் இறுகிப் பாயின்ட் முழுத் தூரம் நகராமல், கான்டாக்ட் துண்டிக்காமல் நிற்கிறது என்று பொருள். மின்சாரத்தை உடனே நிறுத்துங்கள், காயில் கருகிவிடும். மூடியைத் திறந்து, இறுகிய கிரீஸை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்தெடுத்தால் போதும். புதிதாகச் சுற்றிய காயிலை மறுபக்கக் காயிலோடு மல்டிமீட்டரில் ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஏறக்குறைய ஒரே ஓம் அளவைக் காட்ட வேண்டும்.

கேள்வி: வண்டியை மெதுவாக ஓட்டும்போது பாயின்ட் பாதியிலேயே நின்றுவிடுகிறது. வோல்ட்டைக் கூட்டினால் சரியாகத் திரும்புகிறது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, செம்பூர்

பதில்: பாயின்ட் தனக்கான மின்சாரத்தையும் தண்டவாளத்திலிருந்தே எடுத்துக்கொள்வதால் வரும் குறை இது. மோட்டார்ப் பெட்டியில் ஒரு சிறு துளை இருக்கும். அதில் அதற்குரிய பிளக்கைச் செருகினால் நடுத் தண்டவாளத்தோடு உள்ள தொடர்பு அறுந்து, காயில்கள் டிரான்ஸ்ஃபார்மரின் மாறாத வோல்ட் முனையிலிருந்து மின்சாரம் பெறும். ஏறக்குறைய 18 வோல்ட் கொடுங்கள். வண்டி எவ்வளவு மெதுவாக ஊர்ந்தாலும் பாயின்ட் முழு வலுவோடு திரும்பும்.

உங்கள் டிரான்ஸ்ஃபார்மர் அமெரிக்காவிலிருந்து வந்தது என்றால் ஒரு வேண்டுகோள். அது 115 வோல்ட்டுக்கானது. நம் வீட்டு 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் எரிந்துவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைத்தாலும், 60 ஹெர்ட்ஸுக்காகச் செய்யப்பட்ட அது நம் 50 ஹெர்ட்ஸில் சற்றுக் கூடுதலாகவே சூடேறும் என்பதால் மணிக்கணக்கில் ஓட்டாதீர்கள். ரப்பர் வயரில் வெடிப்பு தெரிந்தால், குழந்தைகள் அருகில் வருமுன் அதை மாற்றிவிடுங்கள்.

கேள்வி: துருப்பிடித்த தண்டவாளத்தை இரும்பு நார் கொண்டு தேய்க்கலாமா?
– ஒரு வாசகர், டோம்பிவிலி

பதில்: கூடாது. நுண்ணிய இரும்புத் துகள்கள் எஞ்சின் மோட்டாரின் காந்தத்திலும் பாயின்ட்டின் இடைவெளிகளிலும் ஒட்டிக்கொண்டு ஷார்ட் ஏற்படுத்தும். மிக நயமான உப்புத்தாளால் மேற்பரப்பை மட்டும் மெதுவாகத் தேய்த்து, உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள்.