ஐரோப்பிய இளம் ஐஸ் ஹாக்கி கோல்கீப்பர் என்எச்எல் அணியில் நிலைக்க ஏன் இத்தனை வருடம் ஆகிறது?

டிராஃப்ட் என்பது வட அமெரிக்காவின் முதன்மை ஐஸ் ஹாக்கி லீக்கான என்எச்எல்-இன் அணிகள் இளம் வீரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுப்பது. தேர்வானவர் உடனே களமிறங்குவார் என்றில்லை. அவரை ஒப்பந்தம் செய்யும் உரிமை அந்த அணிக்கு, அவ்வளவுதான்.

பின்லாந்து கோல்கீப்பர் யூசே சாரோஸை நாஷ்வில் அணி 2013-இல் 99-ஆவது ஆளாக எடுத்தது. அப்புறமும் சொந்த நாட்டில் இரண்டு சீசன், பிறகு மில்வாக்கியில் உள்ள துணை அணி. முதன்மைக் கோல்கீப்பர் ஆனது 2021 வாக்கில்தான். முன்னால் அந்த அணியின் முதன்மைக் கோல்கீப்பராகப் பெக்கா ரின்னே இருந்தாரே! பஸ்ஸில் ஸ்டீயரிங் ஒன்றுதான். இரண்டாவது ஓட்டுநர் எவ்வளவு கெட்டிக்காரர் என்றாலும் காத்திருக்கத்தான் வேண்டும். களமும் மாறுகிறது: ஐரோப்பாவில் அகலம் 30 மீட்டர் வரை, என்எச்எல்-இல் சுமார் 26. பக் (பந்துக்குப் பதிலான ரப்பர் வட்டு) வரும் கோணத்தைப் புதிதாகப் பழக வேண்டும்.

துணை அணிக்கு அனுப்பினால் ஒதுக்கிவிட்டார்கள் என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் பெஞ்சில் உட்காராமல் நிறைய ஆட்டம் கிடைக்கட்டும் என்றுதான் அனுப்புகிறார்கள்.