பச்சிளம் பிள்ளையின் அழுகை: கேளுங்கள், சொல்கிறேன்

(பதில் சொல்பவர் பாளையங்கோட்டை வட்டாரத்தில் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்து ஓய்வு பெற்றவர்.)

முக்கூடலிலிருந்து: அக்கா, மகனுக்கு ஆறு வாரம். விளக்கு வைக்கும் நேரத்தில் வீறிடத் தொடங்கினால் ஒன்பது மணிவரை ஓயமாட்டான். காலை வயிற்றோடு மடக்குகிறான். பால் பற்றவில்லை என்கிறார் அத்தை.

பிள்ளை நாளைக்கு ஆறு தடவையாவது சிறுநீர் கழித்து, எடையும் ஏறினால் பால் போதும். அத்தையிடம் எடை அட்டையைக் காட்டுங்கள். அழுகை இரண்டாம் வாரத்தில் கூடத் தொடங்கி, ஆறாம் வாரத்தில் உச்சிக்குப் போய், மூன்று நான்கு மாதத்தில் தானே அடங்கும். 1962-இல் பிரேசல்டன் என்ற அமெரிக்க மருத்துவர் தாய்மார்களைக் குறிப்பெழுதச் சொல்லிக் கணக்கெடுத்தார். நோயில்லாத பிள்ளைகளே ஆறாம் வாரத்தில் நாளைக்குக் கிட்டத்தட்ட மூன்று மணி நேரம் அழுதன; அதுவும் சாயங்காலத்தில்தான் அதிகம். காலை மடக்குவது எந்த அழுகையிலும் உண்டு. அதை வைத்து வயிற்றுவலி என்று முடிவு கட்ட முடியாது.

விளக்கைக் குறைத்து, பார்க்க வருகிற கூட்டத்தையும் குறையுங்கள். நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடங்கள். முக்கூடல் என்பதால் ஒன்று கேட்கிறேன்: வீட்டில் பீடி சுற்றுகிறீர்களா? பிள்ளை கிடக்கும் அறையில் புகையிலைத் தட்டு வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, சேலையை மாற்றிவிட்டுத் தூக்குங்கள்.

அம்பாசமுத்திரத்திலிருந்து: கிரைப் வாட்டர் கொடுக்கலாமா?

வேண்டாம். 1851-இல் இங்கிலாந்தில் முதலில் செய்தபோது அதில் சாராயச் சத்து இருந்தது. பிள்ளை மயங்கியதில் என்ன வியப்பு? இப்போது அது இல்லை, அழுகையை நிறுத்தும் என்பதற்கு ஆதாரமும் இல்லை. ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்.

ஆலங்குளத்திலிருந்து: பிள்ளைக்குக் கன்னத்தில் சிவப்புப் பொரி.

தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஓர் ஆச்சி: உரம் விழுந்த, அதாவது தூக்கியதில் உடம்பு பிசகிய, பிள்ளைக்கு உரம் எடுக்காமல் எடை அட்டையைக் காட்டச் சொல்கிறாயே! சேலையில் போட்டு இரண்டு பேர் உருட்டினால் அப்போதே அடங்கும். என் பேரப்பிள்ளைகள் எல்லாரும் அப்படித்தான் வளர்ந்தார்கள்.

அடங்கும் ஆச்சி, மறுக்கவில்லை. உரம் எடுப்பவரைக் கூப்பிட்டு, அவர் வந்து சேலையை விரிப்பதற்குள் அழுகை தன் நேரத்தை முடித்திருக்கும். பெயர் அவருக்குப் போய்விடுகிறது. அந்த வயதில் கழுத்து நிற்காது. உருட்டும்போது தலை முன்னும் பின்னும் ஆடினால் மூளைக்குள் இரத்தம் கசியலாம்.

அதே ஆச்சி: அப்போது வசம்பு?

சுட்டு, உரைத்து, தேனில் குழைத்து நாக்கில் தடவுவீர்கள், தெரியும். ஒரு வயதுவரை தேனே ஆகாது. அதிலுள்ள கிருமி பிள்ளையின் தசைகளைச் செயலிழக்கச் செய்யக்கூடும். வசம்பைக் கையில் வளையலாகக் கட்டுங்கள், சண்டைக்கு வரமாட்டேன். மூக்கில் எண்ணெய் விடுகிறீர்களா என்று நான் கேட்கவில்லை, விட்டால் நிறுத்துங்கள்.

சேரன்மகாதேவியிலிருந்து: வேறு கம்பெனி கிரைப் வாட்டர் என்றால்?

மேலே படியுங்கள்.

வள்ளியூரிலிருந்து: நேற்று ராத்திரி தூக்கி எறிந்துவிடலாமா என்று தோன்றிவிட்டது. யாரிடமும் சொல்லவில்லை.

என்னிடம் சொன்னாயே தங்கச்சி, நல்லது. உறக்கமில்லாத தாய்மார் பலருக்கும் இப்படித் தோன்றியிருக்கிறது, வெளியே சொல்வதில்லை. மறுபடி தோன்றினால் பிள்ளையைப் பாயில் மல்லாக்கக் கிடத்திவிட்டு முற்றத்துக்குப் போ. முகம் கழுவு, பத்து நிமிடம் உட்கார். அந்த நேரம் அழுவதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. குலுக்கினால் உயிரே போகலாம். இன்றைக்கே வீட்டில் ஒருவரிடமாவது சொல்லிவிடு. முன்னிரவில் கணவரோ அம்மாவோ பிள்ளையைப் பார்த்துக்கொள்ள, நீ நான்கு மணி நேரம் விடாமல் தூங்க வேண்டும். பிள்ளை தூங்கியும் உனக்குத் தூக்கம் வராவிட்டால், காரணமில்லாமல் அழுகை வந்துகொண்டே இருந்தால், அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். மருந்தும் உண்டு, குணமும் உண்டு. எறிந்துவிடும் எண்ணம் திரும்பத் திரும்ப வந்தால் பிள்ளையோடு தனியாக இராதே, அன்றைக்கே மருத்துவரைப் பார். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள்.

துபாயிலிருந்து, ஊர் கடையநல்லூர்: எந்த அழுகைக்குப் பயப்பட வேண்டும்?

காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால், பால் குடிக்க மறுத்தால், பச்சையாக வாந்தி எடுத்தால், மலத்தில் இரத்தம் கண்டால், உச்சிக்குழி புடைத்தால், அடிவயிற்றோரம் வீங்கினால், துவண்டு கிடந்தால். விரல்களையும் பாருங்கள், உதிர்ந்த தலைமுடி கால்விரலில் சுற்றி இறுக்கியிருக்கும், சாக்ஸுக்குள் தெரியாது. இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐக் கூப்பிடச் சொல்லுங்கள். இவை எதுவும் இல்லையென்றால், அண்ணாச்சி, வீடியோவில் "ஏன் அழவிடுகிறாய்" என்று அந்தப் பெண்ணிடம் கேட்காமல், சாப்பிட்டாளா என்று கேளுங்கள்.