12 எடுத்த ரோக், வெட்டவெளியில் நடந்தால் ஒளிந்தவனா?

டி&டி (Dungeons & Dragons) என்ற டைஸ் உருட்டி ஆடும் கதை விளையாட்டில், உங்கள் ஆட்டக்காரரின் ரோக் (பதுங்கி நடமாடும் கள்ளன் பாத்திரம்) பீப்பாய்க்குப் பின்னால் ஒளிய ஸ்டெல்த்தில் (ஒளிந்து நகரும் திறன்) 12 எடுத்தான்; பிறகு கோப்ளின் (குட்டி அரக்கன்) முன்னே நடந்தாலும் ஒளிந்தவன்தானா என்று கேட்டிருந்தீர்கள்.

இல்லை. பீப்பாய்க்குப் பின்னால் 12 எடுத்தது அங்கே ஒளிந்திருக்கும் வரைக்கும்தான். விளக்கு வெளிச்சத்தில் கோப்ளின் கண்முன்னே நடந்தால் பார்த்துவிடும். அதன் பாஸிவ் பெர்செப்ஷன் (உருட்டாமலே கவனிக்கும் எண்) 9-ஐ இங்கே இழுக்கவே வேண்டாம்.

உங்கள் ஆட்டக்காரர் ஸ்டெல்த் எண்ணை மாயமாக மறையும் மந்திரம் போல எடுத்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் குழுவிலும் இதே தகராறு வந்தது. ரப்பர் மரத்துக்குப் பின்னால் நிற்பவனைத் தெரியாது. நிரைக்கு நடுவே வந்தால் கடைசி மரத்தடியில் பால் வெட்டுகிறவருக்கும் தெரியும் என்றேன். எல்லோருக்கும் உடனே புரிந்தது.

அடுத்த முறை டைஸ் உருட்டும் முன் இரண்டைக் கேளுங்கள்: எதன் மறைவில் போகிறாய்? அந்த வழியில் எதிரியால் உன்னைத் தெளிவாகப் பார்க்க முடியுமா? முடியும் என்றால் உருட்டவே வேண்டாம். கோப்ளின் வேறெங்கோ கவனமாக இருந்தால் மட்டும் டிஎம் (ஆட்டத்தை நடத்துபவர்) விட்டுக்கொடுக்கலாம்.

அப்புறம், விளக்கே இல்லையென்றால் கணக்கு மாறும். கோப்ளினின் டார்க்விஷனுக்கும் (இருட்டில் பார்க்கும் திறன்) கும்மிருட்டு மங்கல் வெளிச்சம்தான்; கண்ணால் கவனிப்பதில் 5 குறைந்து 9 என்பது 4 ஆகும். காதுக்கு அந்தக் கழிவு கிடையாது.

இதெல்லாம் 2014 விதிப்படி. 2024 புத்தகம் வைத்து ஆடினால் ஒளியவே 15 வேண்டும், 12 போதாது.