கேளுங்கள், சொல்கிறோம்: வில்லன் பக்கம்

கேள்வி: ‘த டார்க் நைட்’ பார்த்த எங்கள் லயத்துப் பொடியன்கள் எல்லோரும் வில்லன் ஜோக்கர் பக்கம். நாயகன் பேட்மேனை யாரும் கணக்கெடுப்பதில்லையே, ஏன்?
– வாசகர், ஹட்டன்

பதில்: 2008இல் வந்த அந்தப் படத்தின் முதல் காட்சியை, வங்கிக் கொள்ளையை, திரும்பப் பாருங்கள். எல்லோருக்கும் கோமாளி முகமூடி. ஒருவரையொருவர் சுட்டுத் தள்ளுகிறார்கள். மிஞ்சியவன் முகமூடியைக் கழற்றும்போதுதான் அவனே ஜோக்கர் என்று தெரிகிறது. வாய்த் தழும்புக்கும் இரண்டு இடத்தில் இரண்டு கதை சொல்கிறான். எது நிஜமென்று படம் கடைசிவரை வாய் திறப்பதில்லை. பேட்மேன் அப்படி ஆன காரணமோ ஊருக்கே தெரிந்தது, பெற்றோர் கொலை. தெரிந்ததை யார் துருவுவார்? போதாததற்கு, ஜோக்கராக நடித்த ஹீத் லெட்ஜர் அடிக்கடி உதட்டை நக்கும் அந்தப் பழக்கம்! இறந்த பிறகு, 2009இல், அவருக்கு ஆஸ்கார் கிடைத்தது.

கேள்வி: பாடசாலை நாடகத்தில் எனக்கு வில்லன் வேஷம். கத்தினால் சபை சிரிக்கிறது.
– வாசகி, பண்டாரவளை

பதில்: கத்துவதுதான் பிழை. குரலைத் தாழ்த்துங்கள். மிரட்டும் வரிக்கு முன் இரண்டு விநாடி நிறுத்துங்கள். மைக்கிலிருந்து ஒரு சாண் தள்ளி நில்லுங்கள். ஒட்டி நின்றால் மூச்சுத்தான் கேட்கும். வில்லன் சிரிப்பு ஒரே தடவை. மூன்றாம் முறை சிரித்தால் பபூன்.