அசல் டிராகுலா வெயிலில் நடந்தார்

கேள்வி: இப்போது வரும் ரத்தக்காட்டேரிக் கதைகளில் காட்டேரிகள் பகலிலேயே நடமாடுகின்றன, காதலிக்கின்றன, படிக்கப் போகின்றன. வெயில் பட்டால் சாம்பலாகிவிடும் அசல் டிராகுலா தந்த பயம் எங்கே போயிற்று? இந்த வகைக் கதைகளில் உங்களுக்குப் பிடித்தது, பிடிக்காதது என்ன?

பதில்: ‘அசல்’ என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள். அதைத் தாண்டி என்னால் நகர முடியவில்லை.

அசல் டிராகுலா வெயிலில் சாம்பலாகவில்லை. பிராம் ஸ்டோக்கர் 1897-இல் எழுதிய நாவலில் அவர் லண்டன் பிக்காடிலியில் பட்டப்பகலில் நின்றுகொண்டு, குதிரை வண்டியில் இருக்கும் ஓர் அழகான பெண்ணை வைத்த கண் வாங்காமல் பார்க்கிறார். அதைக் கண்டுதான், அவருடைய கோட்டையில் சிக்கித் தப்பி வந்த ஜோனதன் ஹார்க்கர் வெலவெலத்துப் போகிறான். பகலில் அவருடைய சக்தி குறையும், நினைத்தபடி உருமாற முடியாது. அவ்வளவுதான். வெயில் பட்டு ஆள் மறைந்துபோவது 1922-இல் வந்த ‘நோஸ்ஃபெராட்டு’ என்ற ஜெர்மன் மௌனப் படத்தில். அனுமதி வாங்காமல் எடுத்த படம் அது. ஸ்டோக்கரின் மனைவி வழக்குப் போட்டு, பிரதிகளை அழிக்கும்படி தீர்ப்பும் வாங்கினார். தப்பிப் பிழைத்த பிரதிகளோடு அந்த வெயிலும் பிழைத்துவிட்டது. நெஞ்சில் மரமுளை அடித்து டிராகுலாவைக் கொல்கிற கதையும் இதே மாதிரிதான். நாவலில் முளை இறங்குவது, அவர் கடித்துக் காட்டேரியான லூஸி என்ற பெண்ணின் நெஞ்சில். டிராகுலாவை முடித்தவை இரண்டு கத்திகள், ஒன்று கழுத்தில், ஒன்று நெஞ்சில்.

இந்தக் குழப்பத்துக்கெல்லாம் பெரும் பங்கு சுருக்கப் பதிப்புகளுக்கு உண்டு. இந்தப் பக்கத்தில் அவற்றைப் பலமுறை திட்டியிருக்கிறேன், இன்னும் திட்டுவேன். சிறுவயதில் எனக்குக் கிடைத்ததும் ஒரு சுருக்கம்தான். ஓநாய் இருந்தது, பல் இருந்தது, ரத்தம் இருந்தது. படுக்கை விரிக்கிற இடம் மட்டும் இல்லை. முழு நாவலில் அது சில வரிதான். ஹார்க்கர் தன் அறைக்குத் திரும்புகிறான். உள்ளே டிராகுலா பிரபு அவனுக்குப் படுக்கையைச் சரிசெய்து கொண்டிருக்கிறார். அப்புறம் கதவுக் கீல் இடுக்கு வழியாகப் பார்த்தால், சாப்பாட்டு மேஜையையும் அவரேதான் தயார் செய்கிறார். அப்போதுதான் அவனுக்கு உறைக்கிறது: இவ்வளவு பெரிய கோட்டையில் ஒரு வேலைக்காரன்கூட இல்லை. அப்படியானால் அன்றிரவு தன்னை அழைத்து வந்த வண்டிக்காரன் யார்? கையை உயர்த்தியதும் ஓநாய்களை அடங்கச் செய்தவன் யார்? ஒரு துளி ரத்தம் கிடையாது, ஒரு மனுஷன் விரிப்பை உதறுகிறான், படிக்கிற நமக்கு வயிற்றைக் கலக்குகிறது. எனக்குப் பிடித்தது எது என்று கேட்டீர்களே, இதுதான். இதை வெட்டி எறிந்துவிட்டுப் பல்லை மட்டும் வைத்துக்கொள்கிறவர்களை என்னால் மன்னிக்க முடியாது.

சரி, பிடிக்காததற்கு வருகிறேன். காட்டேரி பகலில் நடப்பது எனக்குக் குறையே இல்லை. எதற்கும் விலை கொடுக்காத காட்டேரிதான் சலிப்புத் தட்டுகிறது. சாவு கிடையாது, மூப்பு கிடையாது, அழகும் பலமும் பணமும் உண்டு, இழப்பு மட்டும் இல்லை என்றால் அவனைப் பற்றி நான் எதற்குப் படிக்க வேண்டும்? இந்தக் கதைகளின் உயிரே அவன் கால்களில் பூட்டிய விலங்குதான். அழைக்காமல் வீட்டுக்குள் நுழைய முடியாது என்ற விதியை எடுத்துக்கொள்ளுங்கள். அவ்வளவு பலசாலி, ஒரு வாசற்படி முன்னால் காத்து நிற்கிறான். உள்ளே இருப்பவர் ‘வா’ என்று சொல்லிவிடுவாரோ என்று நம் நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ஸ்வீடன் எழுத்தாளர் யோன் அய்விடெ லிண்ட்குவிஸ்ட் 2004-இல் எழுதிய நாவலில், அழைப்பில்லாமல் நுழைந்தால் என்ன ஆகும் என்றே காட்டிவிட்டார். அந்த உடம்பெல்லாம் ரத்தம் கசிகிறது. பழைய விதி ஒன்றை அவர் மீறவும் இல்லை, அப்படியே ஒப்பிக்கவும் இல்லை. அது எப்படி வலிக்கும் என்று யோசித்திருக்கிறார்.

இன்னொன்று, கணக்கு. கடிபட்டவரெல்லாம் காட்டேரி ஆவார், ஒவ்வொரு காட்டேரியும் இரவுக்கு ஒருவரைக் கடிக்கும் என்று சில கதைகள் கூசாமல் எழுதுகின்றன. பேப்பரும் பேனாவும் எடுங்கள். முதல் இரவில் ஒன்று இரண்டாகும். 10-வது இரவில் 1,024. 20-வது இரவில் பத்து லட்சத்தைத் தாண்டும். 30-வது இரவில் 107 கோடி. 33-வது இரவில் 858 கோடிக்கும் மேல் வரவேண்டும், பூமியில் அத்தனை பேர் இல்லை. ஐந்து வாரம் முடிவதற்குள் காட்டேரிகள் எல்லாம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு பட்டினி கிடக்க வேண்டியதுதான். ரிச்சர்ட் மாத்திசன் 1954-இல் இந்த நிலைமையையே நாவலாக்கினார். ஒரே ஒரு மனிதன் மிஞ்சுகிறான். கடைசியில் அந்தப் புதிய உலகத்தார் கண்ணுக்கு அவன்தான் பயங்கரமான ஜந்து. படித்து எத்தனையோ வருஷம் ஆகியும் அந்த முடிவு என்னை விட்டுப் போகவில்லை.

பட்டினி என்றதும் நிஜமான ரத்தம் குடிக்கும் வௌவால் நினைவுக்கு வருகிறது. மூன்றே இனங்கள், மூன்றும் அமெரிக்கக் கண்டங்களில்தான். டிராகுலாவின் கோட்டை இருந்த ஐரோப்பாவின் டிரான்சில்வேனியாவில் ஒன்றுகூடக் கிடையாது. ஐரோப்பியர் பேசிய காட்டேரிக் கதையிலிருந்துதான் வௌவாலுக்குப் பெயர் போயிற்று. அது உறிஞ்சுவதும் இல்லை. பல்லால் சிறிதாகக் கீறிவிட்டு நக்கிக் குடிக்கிறது. இரண்டு மூன்று இரவு ரத்தம் கிடைக்காவிட்டால் செத்துப்போகும். அதனால் வெறும் வயிற்றோடு திரும்பிய வௌவாலுக்கு, பழகிய வேறொரு வௌவால் தான் குடித்து வந்ததைக் கக்கி வாயில் ஊட்டுகிறது. தன் பசியைப் பொறுத்துக்கொண்டு இன்னொன்றுக்கு ஊட்டுகிற காட்டேரியை நீங்கள் எந்தக் கதையிலாவது படித்திருந்தால், அடுத்த கடிதத்தில் அதன் பெயரை எழுதுங்கள்.